பெயர் மாற்றிப் புறப்பட்ட துப்பறிவாளர்கள்

மும்பையின் ஹார்பர் லைனில் குர்லாவைத் தாண்டினால் அடுத்த நிலையம் திலக் நகர். அதை ஒட்டியே இருக்கிறது லோக்மான்ய திலக் டெர்மினஸ். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் குர்லா டெர்மினஸ்தான். கோயம்புத்தூர், சென்னை, மதுரை என்று தமிழ்நாட்டுக்கும், காரைக்காலுக்கும் வண்டிகள் புறப்படும் இடம். செம்பூர், செட்டா நகர், திலக் நகர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடை விடுமுறை இந்த நடைமேடைகளில்தான் தொடங்கும்.

அந்த வண்டிகளின் பெட்டி வாசலில் முன்பெல்லாம் ஒரு நீளமான தாள் ஒட்டியிருக்கும். ரிசர்வேஷன் சார்ட். பெயர், ஆணா பெண்ணா, வயது, எங்கே ஏறி எங்கே இறங்குகிறார், எந்த பெர்த் எல்லாம் அதில் இருக்கும். ஸ்லீப்பர் பெட்டி என்றால் 72 பேர். தன் பெயரைத் தேடிப் பார்த்தவர்கள் பக்கத்து பெர்த்தில் வரப்போவது யார் என்பதையும் சேர்த்தே பார்த்துக்கொள்வார்கள். 2018 முதல் ரயில்வே இந்த வழக்கத்தைக் கைவிடத் தொடங்கிவிட்டது. துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு அந்தத் தாள் ஒரு புதையல். பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது; அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பது மட்டும் தெரியாது.

ஊர் விட்டு ஊர் போய்த் துப்பறிகிறவரின் கதை உலக சினிமாவில் பேசும் படத்தின் தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது. தமிழிலும் 1950 தொடங்கி அத்தகைய படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. மேல்நாட்டுத் துப்பறிவாளர் தன் பெயரோடு வண்டியேறுகிறார். நம்முடைய துப்பறிவாளர் பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டு ஏறுகிறார். இது தற்செயலாக வந்ததல்ல. நம் சமூகத்தில் ஒரு வெளியூர் ஆள் உண்மையை எப்படிக் கேட்டுப் பெற முடியும் என்ற கேள்விக்கு இந்தப் படங்கள் கண்டுபிடித்த விடை அது.

பெயரோடு போனவர்கள்

1930களில் ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனம் சார்லி சான் என்ற துப்பறிவாளரை வைத்து வரிசையாகப் படங்கள் எடுத்தது. ஏர்ல் டெர் பிக்கர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் படைத்த பாத்திரம். ஹோனலூலு நகரப் போலீசைச் சேர்ந்த சீன வம்சாவளி அதிகாரி. 1934இல் லண்டன், 1935இல் பாரிஸ், எகிப்து, ஷாங்காய், 1937இல் மான்டி கார்லோ, ஒலிம்பிக் போட்டி நடந்த பெர்லின் என்று படத்துக்குப் படம் ஊர் மாறியது. பெரும்பாலும் படத்தின் தலைப்பிலேயே அவர் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அவர் சார்லி சான்தான்; அந்த ஊர்ப் போலீஸ் அவரை எதிர்கொண்டு அழைத்துப்போகும். இந்தச் சீனரின் வேடத்தில் நடித்த வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்த வெள்ளையர். கதையில் தன் அடையாளத்தை மறைக்காத துப்பறிவாளரைத் திரையில் வேறோர் இனத்தவரின் ஒப்பனைதான் சுமந்தது. ஹாலிவுட் இதற்காகப் பிற்காலத்தில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. அது நியாயமான கண்டனம்.

ஷெர்லாக் ஹோம்ஸாக பாசில் ராத்போன் நடித்த 1946ஆம் ஆண்டுப் படம் ஒன்று ஏறக்குறைய முழுவதும் லண்டனிலிருந்து எடின்பரோ போகும் இரவு ரயிலில் நடக்கிறது. அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் பொய்ரோவுக்குச் சிட்னி லுமெட் 1974இல் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில் இஸ்தான்புல் ரயிலைக் கொடுத்தார். 1978இல் ஜான் கில்லர்மின் 'டெத் ஆன் தி நைல்' படத்தில் நைல் நதியின் நீராவிப் படகைக் கொடுத்தார். இரண்டாவது படத்தில் அந்தப் படகின் மேலாளராக வருகிறவர் பம்பாய் சினிமாக்காரர் ஐ.எஸ். ஜோஹர்.

இந்தப் படங்களின் பொறியமைப்பு எளிமையானது. வண்டியிலோ படகிலோ எல்லோரும் அடைபட்டிருக்கிறார்கள். யாரும் வெளியே போக முடியாது. கொலையாளி உள்ளேதான் இருக்கிறார். துப்பறிவாளர் ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். அவர்களும் பதில் சொல்கிறார்கள். பொய் சொல்லலாம், ஆனால் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்கிறவர் புகழ்பெற்ற பொய்ரோ என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு உள்ள மரியாதைதான் அவருடைய சம்மன்.

'நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?'

இதே காட்சியைத் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் திண்ணையில் வைத்துப் பார்ப்போம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நேற்று இரவு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பதில் சொல்லமாட்டார். திருப்பிக் கேட்பார்: நீங்க யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை? இந்த மூன்றுக்கும் சரியான விடை வராத வரை வாய் திறக்காது. விடை வந்துவிட்டால் காப்பி வரும், பிறகு கதையும் வரும். நம் துப்பறிவாளர் மாறுவேடம் போடுவது இந்த மூன்று கேள்விகளுக்காகத்தான்.

இது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. அரசன் வேடம் மாற்றி இரவில் நகர் சுற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், துறவியின் தோற்றத்தில் சென்று செய்தி அறிவதை ஒற்றனின் தொழில் முறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. எந்த வாசலிலும் நிற்கலாம், எந்த ஊருக்கும் போகலாம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கப்படாமலே உட்கார இடம் கிடைக்கும் என்ற வசதி துறவிக்கு மட்டும்தான் இருந்தது.

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில் எடுத்த 'திகம்பர சாமியார்' இந்த மரபின் நேர் வாரிசு. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவலை அடிப்படையாகக் கொண்ட படம். பின்னாளில் வில்லன் என்றே பெயரெடுத்த எம்.என். நம்பியார்தான் இதில் துப்பறிகிறவர். சட்டமும் செல்வாக்கும் கையில் இருக்கும் ஒரு வக்கீலின் குற்றங்களை வெளியே கொண்டுவர அவர் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் தோன்றுகிறார். ஒவ்வொரு வேடமும் ஒரு வாசலைத் திறக்கும் சாவி. குற்றவாளி சட்டம் படித்தவர் என்பதால் சட்டத்தின் வழியாக அவரை நெருங்க முடியாது. மனிதர்களின் வழியாகத்தான் நெருங்க முடியும் என்பது கதையின் அடிப்படை.

வடுவூராரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் ஆரணி குப்புசாமி முதலியாரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவலைத் தமிழில் வேரூன்றச் செய்தவர்கள். ஆங்கிலக் கதைகளைத் தழுவினாலும் ஊரையும் உறவையும் சாப்பாட்டையும் தமிழாகவே வைத்தார்கள். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1951இல் படமானபோது அதில்தான் ஆர்.எஸ். மனோகர் திரைக்கு அறிமுகமானார். பாட்டு இல்லாத படம் என்று இன்றைக்கும் பேசப்படும் 'அந்த நாள்' 1954இல் வந்தது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்தப் படத்தில் ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. சிவானந்தம் எங்கும் பயணம் போவதில்லை. தன் சொந்தப் பெயரில், போலீஸ் அதிகாரத்தோடு, கொலை நடந்த வீட்டிலேயே விசாரிக்கிறார். ஐந்து பேர் ஐந்து கதை சொல்கிறார்கள். தமிழில் பெயரை மறைக்காத துப்பறிவாளருக்கு அதுவே தலைசிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் அவர் கையில் அரசாங்கம் இருந்தது. நடந்த இடமும் 1943இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிக்கொண்டிருந்த சென்னை நகரம். வெளியூரில், வேறொருவர் வீட்டுக்குள், அதிகாரம் காட்டாமல் நுழைய வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை பத்து ஆண்டுகள் கழித்து வந்தது.

கப்பலில் வந்த பெண்

'புதிய பறவை' 1964 செப்டம்பரில் வெளியானது. சிவாஜி கணேசனின் சொந்தத் தயாரிப்பு, வண்ணப்படம், தாதா மிராசி இயக்கம், ஆரூர்தாஸ் வசனம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில் கோபால் என்ற பணக்கார இளைஞர் லதா என்ற பெண்ணைச் சந்திக்கிறார். தந்தை ராமதுரையோடு பயணம் செய்கிறாள் அவள். நட்பு வளர்கிறது, கோபால் இருவரையும் ஊட்டியில் உள்ள தன் பங்களாவுக்கு விருந்தினராக அழைக்கிறார்.

கோபாலுக்கு ரயிலைக் கண்டால் ஆகாது. லெவல் கிராசிங்கில் வண்டி கடந்து போனாலே முகம் வெளிறி, உடம்பு நடுங்கிப் போய்விடுகிறது. காரணத்தை அவரே லதாவிடம் சொல்கிறார்: முதல் மனைவி சித்ரா தண்டவாளத்தில் இறந்துபோனாள். பிறகு லதாவுக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம். அந்த நாளில் சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள், கூடவே மாமா ரங்கன். சௌகார் ஜானகியும் எம்.ஆர். ராதாவும் நடித்த இந்த இரண்டு பாத்திரங்களும் வீட்டுக்குள் குடியேறிய பிறகு கோபாலின் நிம்மதி துளித்துளியாகக் கரைகிறது. இவள் என் மனைவி அல்ல என்று அவர் சொல்கிறார், நிரூபிக்க முடியவில்லை. எடுத்துக்காட்டும் ஒவ்வொரு சான்றும் அவருக்கு எதிராகவே திரும்புகிறது. கடைசியில், செத்தவள் திரும்பி வர முடியாது என்பதை நிலைநாட்ட அவரிடம் ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. அவள் எப்படிச் செத்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறார். தான் அடித்த அடியில் அவள் இறந்ததும், உடலைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டதும் வெளியே வருகின்றன.

அப்போதுதான் வீட்டில் இருப்பவர்கள் யார் என்பது தெரிகிறது. சித்ராவாக வந்தவள், மாமாவாக வந்தவர், தந்தையாக வந்தவர் எல்லோருமே துப்பறியும் இலாகாவைச் சேர்ந்தவர்கள். லதாவும் அப்படியே. கப்பலில் அவள் ஏறியது விசாரணைக்காக. ஆனால் அவள் சொல்லும் இன்னொரு செய்திதான் படத்தைத் துப்பறியும் கதை என்ற எல்லைக்கு வெளியே தூக்கிச் செல்கிறது: காதல் மட்டும் நடிப்பல்ல.

பொய்ரோவின் ரயிலோடு இதை ஒப்பிட்டால் வேலைப்பாடு விளங்கும். அங்கே சந்தேகத்துக்குரியவர்கள் பலர், துப்பறிவாளர் ஒருவர். இங்கே சந்தேகத்துக்குரியவர் ஒருவர், அவரைச் சுற்றியிருக்கும் நெருங்கிய உறவுகள் எல்லாமே துப்பறிவாளர்கள். அங்கே கேள்வி கேட்டு உண்மை வருகிறது. இங்கே ஒருவரும் குற்றத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பதில்லை. மனைவி, மாமா, காதலி, மாமனார் என்ற உறவுப் பெயர்கள்தான் விசாரணைக் கருவிகள். யாரு வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குப் பொய்யான விடையோடு உள்ளே வந்த ஒரு பெண், அந்தப் பொய்யான உறவு தன்னளவில் மெய்யாகிவிட்டதன் விலையைக் கொடுக்கிறாள். துப்பறிகிறவருக்கே இழப்பு நேரும் கதைகள் இந்த வகையில் மிகக் குறைவு.

கதையே பயணம் செய்து வந்த கதை என்பதும் கவனிக்க வேண்டியது. 1958இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய 'சேஸ் எ க்ரூக்கட் ஷாடோ' என்ற பிரிட்டிஷ் படத்தில், ஸ்பெயின் நாட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் செத்துப்போன அண்ணன் நான்தான் என்று ஒருவர் வருகிறார். அந்தக் கரு கல்கத்தா போய், உத்தம் குமார் நடிப்பில் 1963இல் 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படத்தில் இடம் பிடித்தது. மறு ஆண்டு சென்னைக்கு வந்தது. வழியில் உறவு மாறியது. தமிழுக்கு வந்தபோது கப்பல், ஊட்டி, நிச்சயதார்த்தம் என்று நம் வாழ்க்கையின் அடையாளங்கள் ஏறிக்கொண்டன.

இரவு வண்டியும் இருட்டுக் கிராமமும்

ரயிலைத் தமிழ்த் துப்பறியும் படம் எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு இரண்டு படங்கள் போதும். முதலாவது, 1968இல் வந்த 'நீலகிரி எக்ஸ்பிரஸ்'. எம். கிருஷ்ணன் நாயர் இயக்கி பிரேம் நசீர் நடித்த 'கொச்சின் எக்ஸ்பிரஸ்' என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். திருமலை-மகாலிங்கம் இயக்கம், சோ எழுத்து. ஓடும் ரயிலில் ஒரு கொலை, துப்பறிகிறவர் ஜெய்சங்கர். சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரவெல்லாம் ஓடும் உண்மையான வண்டியின் பெயரே தலைப்பு. மறுநாள் காலையில் மலை ரயிலுக்கு மாறி ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏறும் வண்டி அது. தலைப்பைப் படித்தவுடனே பார்வையாளர் மனத்தில் நடைமேடையும் நேர அட்டவணையும் வந்து நின்றுவிடும்.

மேல்நாட்டு ரயிலுக்கும் நம் பழைய ரயிலுக்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு. ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் நடைவழியால் இணைந்தவை. துப்பறிவாளர் ஓடும் வண்டியில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கலாம். நம் பழைய பெட்டிகளில் பல அப்படி இணைந்தவை அல்ல. வண்டி நின்றால்தான் ஆள் மாறலாம். கொலையாளி எந்த நிலையத்தில் ஏறினார், எந்த நிலையத்தில் இறங்கினார் என்ற கணக்கு எழுவது அதனால்தான். பனியில் உறைந்து நிற்கும் ரயில் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நமக்குக் காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ வண்டி நிற்கும் சில நிமிடங்களே போதும்.

இரண்டாவது, எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 1976இல் வந்த 'துணிவே துணை'. பொன்வயல் என்ற கிராமத்தில் பேய் உலவுகிறது என்று ஊரே நடுங்குகிறது. விசாரிக்கப் போகும் அதிகாரி கொல்லப்படுகிறார். அவருடைய சகோதரராக ஜெய்சங்கர் அந்த ஊருக்குப் புறப்படுகிறார். இருட்டும் நேரத்தில் ஆள் அரவமற்ற நிலையத்தில் இறங்கும் வெளியூர் ஆள், அவர் பின்னாலேயே வரும் அச்சம் என்று இந்தப் படம் உருவாக்கிய சூழல் அந்தத் தலைமுறை ரசிகர்களை விட்டு அகலவில்லை. பயணத்தின் முடிவில் சொகுசு ஓட்டல் இல்லை, நதியில் மிதக்கும் படகு இல்லை. வாய் திறக்க மறுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. பேயின் மீது பழியைப் போட்டுவிட்டால் ஊரில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த மௌனத்தை உடைப்பதுதான் துப்பறிவாளரின் உண்மையான வேலை.

சங்கர்லாலும் கணேஷும்

'துணிவே துணை' என்ற சொற்றொடர் தமிழ் வாசகர்களுக்கு முன்பே அறிமுகமானது. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணனின் முழக்கம் அது. அவர் படைத்த சங்கர்லால்தான் தமிழ் எழுத்தின் பெரும் பயணத் துப்பறிவாளர். தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கும் இந்த மனிதர் நாடு நாடாகப் போனார்; டோக்கியோ, பாரிஸ், பெர்லின் என்று கதைகள் விரிந்தன. பாஸ்போர்ட்டே பார்த்திராத வாசகர்களுக்கு வெளிநாட்டு விமான நிலையம், ஓட்டல் அறை, தெரு என்று எல்லாவற்றையும் இந்தக் கதைகள்தான் அறிமுகம் செய்தன. சங்கர்லால் பொய்ரோவைப் போலப் பெயரோடு போனவர். பெயரைக் கேட்டதும் குற்றவாளிகள் நடுங்குவார்கள். வாசகர் மனத்தில் அவருக்கிருந்த இடம் திரையில் அமையவில்லை. 1981இல் கமல்ஹாசன் நடித்த 'சங்கர்லால்' என்ற படம் வந்தது. அது தமிழ்வாணனின் துப்பறிவாளரைப் பற்றியது அல்ல.

கடல் கடந்த துப்பறிதலைத் திரையில் பெரிதாகக் காட்டியவர் எம்.ஜி.ஆர். அவரே இயக்கி 1973 மே மாதம் வெளியிட்ட 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் விஞ்ஞானி முருகன் மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார், ஆபத்து சூழ்கிறது. அவரைத் தேடிப் புறப்படுகிறார் தம்பி ராஜு, சி.பி.ஐ. அதிகாரி. ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக், ஜப்பான் என்று தேடல் நீள்கிறது. 1970இல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ கண்காட்சியிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். அண்ணன், தம்பி இருவருமே எம்.ஜி.ஆர். என்பதால் ஆள்மாறாட்டத்துக்குத் தாடியோ காவியோ தேவைப்படவில்லை. ஒரே முகம் என்பதே போதுமானதாக இருந்தது. காட்சி விருந்தாக அது இணையற்ற படம். புதிராக எடுத்துக்கொண்டால் அவ்வளவு இறுக்கம் கிடையாது; ஊர்களைக் காட்டும் ஆர்வம் துப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

1978 டிசம்பரில் வந்த 'ப்ரியா'வுக்கும் அதே கதிதான். சுஜாதா 'குமுத'த்தில் எழுதிய தொடரில் வக்கீல் கணேஷ் லண்டன் போகிறார். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படத்தில் ரஜினிகாந்த் நடித்த கணேஷ், நடிகை ப்ரியாவின் விவகாரத்தில் சிங்கப்பூர் போகிறார். கணேஷ் வக்கீல் என்பது சுஜாதாவின் கூர்மையான தேர்வு. கேள்வி கேட்கும் உரிமை வக்கீலுக்கு உண்டு. பெயரை மறைக்க வேண்டியதில்லை, போலீஸ் தொப்பியும் வேண்டியதில்லை. யாரு வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு விசிட்டிங் கார்டால் பதில் சொல்ல முடிந்த முதல் தலைமுறைத் தமிழ்த் துப்பறிவாளர் அவர். படம் அந்த நுணுக்கத்தைக் கைவிட்டுக் காதலையும் சண்டையையும் முன்னே வைத்தது. இளையராஜாவின் பாடல்கள் நிலைத்தன; கணேஷின் மூளை திரைக்கு வரவில்லை.

செம்பூரிலிருந்து பார்த்தால்

துப்பறியும் சினிமாவின் வரைபடத்தில் செம்பூருக்கும் ஓர் இடம் உண்டு. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இங்கேதான் இருந்தது. 2017 செப்டம்பரில் தீக்கு இரையாகி, 2019இல் கைமாறியது. இதே செம்பூரின் யூனியன் பார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து 2001இல் மறைந்தவர் நடிகர் அசோக் குமார். சக்தி சாமந்தா இயக்கிய 'ஹவ்ரா பிரிட்ஜ்' (1958) படத்தில் அவர் ரங்கூன் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணனைக் கல்கத்தாவில் கொன்றுவிட்டார்கள் என்று கேட்டுப் புறப்பட்டு வந்து, வேறு பெயரில் அந்த நகரின் இரவு உலகத்துக்குள் நுழைந்து கொலையாளியைத் தேடுகிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து விஜய் ஆனந்தின் 'ஜுவல் தீஃப்' படத்தில் அதே அசோக் குமார் எதிர்ப்பக்கம் நின்றார். தேவ் ஆனந்தை வேறொருவர் என்று எல்லோரும் தவறாக நினைக்க, அந்தத் தவறையே வேடமாக்கிக்கொண்டு அவர் கேங்டாக் வரை போகிறார். பெயர் மாற்றிப் போகும் துப்பறிவாளர் தமிழுக்கு மட்டும் உரியவர் அல்ல, இந்தியப் பார்வையாளர் முழுமைக்கும் உரியவர் என்பதற்கு இந்த இரண்டு படங்களும் சாட்சி.

சத்யஜித் ரே இதில் வேறு வழியில் போனார். 1974இல் அவர் எடுத்த 'சோனார் கெல்லா' படத்தில் ஃபெலுடா என்ற கல்கத்தாத் துப்பறிவாளர், முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் சிறுவன் முகுலைத் தேடி ராஜஸ்தானுக்கு ரயிலேறுகிறார். அந்தப் படத்தில் வேறொருவர் பெயரில் உலவுவது குற்றவாளிதான். ஃபெலுடா கடைசிவரை ஃபெலுடாவாகவே இருக்கிறார். சௌமித்ர சாட்டர்ஜி நடித்த அந்தப் பாத்திரத்தின் கவர்ச்சி அதன் வெளிப்படைத்தன்மை. பாலைவனத்தில் ஒட்டகத்தின் மீது ரயிலைத் துரத்தும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் 1979இல் வந்த அடுத்த படத்தில், காசியின் படித்துறையில், ஃபெலுடாவும் ஒரு சாமியாரின் வேடத்தைப் போட வேண்டியதாயிற்று. ஒற்றாடல் சொன்ன வழி அங்கேயும் வந்து சேர்ந்தது.

ஃபெலுடா பம்பாய்க்கும் வந்தார். நண்பர் எழுதிய கதை இந்திப் படமாகிறது என்று ஃபெலுடாவின் மூவர் குழு வந்திறங்கும் 'பொம்பாயேர் பொம்பேடே' கதையை ரேயின் மகன் சந்தீப் ரே 2003இல் படமாக்கினார், உச்சக்கட்டம் ரயிலில். தமிழ்நாட்டுக்கும் ஃபெலுடா வந்திருக்கிறார்: சென்னையிலும் மாமல்லபுரத்திலும் நடக்கும் 'நயன் ரஹஸ்யா' 2024இல் படமாக வந்தது. வங்காளிகள் தங்கள் துப்பறிவாளரைத் தலைமுறை தலைமுறையாக நடிகர்களை மாற்றிக் காப்பாற்றி வருகிறார்கள். எழுத்து அச்சில் இருக்கிறது, படங்கள் கிடைக்கின்றன, பிள்ளைகளுக்கு அவரைத் தெரிகிறது.

தமிழில் நிலைமை அப்படி இல்லை. 2017இல் மிஷ்கினின் 'துப்பறிவாளன்' வந்தது. கணியன் பூங்குன்றன் என்ற பெயரோடு நிமிர்ந்து நடக்கும் ஒரு துப்பறிவாளரை விஷால் நடிப்பில் அது தந்தது. சென்னையில் தொடங்கிப் பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டில் முடிந்தது. பெயரை மறைக்காமலே உண்மையைத் தேடும் தனியார் துப்பறிவாளர் இன்று நம்பத்தக்கவராகிவிட்டார் என்பதற்கு அது ஓர் அடையாளம். செல்பேசியும் கண்காணிப்பு கேமராவும் ஆதாரும் வந்த பிறகு தாடியை ஒட்டிக்கொண்டு யாரும் ஆளை ஏமாற்ற முடியாது. மாறுவேடத்தின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தின் படங்களை முறையாகத் தொகுத்துப் பார்க்கும் வேலையோ இன்னும் தொடங்கவே இல்லை.

அந்த வேலையில் முதலில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்த் துப்பறியும் படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஜெய்சங்கரின் துப்பாக்கியோடும் தொப்பியோடும் நின்றுவிடுகிறது. 'புதிய பறவை' என்றால் சிவாஜியின் நடிப்பும் பாட்டுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. சரோஜாதேவி நடித்த லதா காதலி என்ற கணக்கில் ஒதுக்கப்படுகிறாள். கப்பலேறி, பெயரையும் உறவையும் மாற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் வழக்கை நடத்தி, ஒரு அடியும் அடிக்காமல் கொலையாளியின் வாயாலேயே உண்மையை வரவழைத்த குழுவின் முன்வரிசையில் நின்றவள் அவள். தமிழ் சினிமாவின் மிகச்சிறந்த பயணத் துப்பறிவாளர் என்ற இடம் அவளுக்கே உரியது.

இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. 'திகம்பர சாமியார்' முதல் 'துணிவே துணை' வரையிலான படங்களின் நல்ல பிரதிகளைத் தேடித் துலக்கிப் பாதுகாக்க வேண்டும். சங்கர்லாலையும் கணேஷையும் அவர்கள் எழுதப்பட்ட விதத்திலேயே திரைக்குக் கொண்டுவர இளம் இயக்குநர்கள் முன்வர வேண்டும். மும்பைத் தமிழ் அமைப்புகள் ஆண்டுவிழாவுக்கு ஒரு படம் திரையிட நினைத்தால் 'புதிய பறவை'யைத் தேர்ந்தெடுக்கட்டும். முன்பே பார்த்தவர்கள் இந்த முறை கோபாலை விட்டுவிட்டு, கப்பல் காட்சியிலிருந்து லதாவை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும்.